சீனக் கரையில் ஒரு தமிழ்க் கல்

முள்முருக்கை அறியாதவர் நம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருக்க மாட்டார். வளவுக்கு வளவு வேலிக் கதியாலாக நிற்கும் மரம் அது. ஆட்டுக்கு அதன் குழையை ஒடிக்கிறோம். வெற்றிலைக் கொடியையும் மிளகுக் கொடியையும் அதில் படர விடுகிறோம். இலை உதிர்ந்து, கிளை நுனியெல்லாம் செந்நிறப் பூவாக அது நிற்கும் காலத்தில், தீப்பற்றியது போன்றிருக்கும். நாம் நாள்தோறும் பார்ப்பதனால், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஏதும் இருப்பதாக நாம் நினைப்பதில்லை.

ஆனால் இந்த மரத்தின் பெயரால் ஒரு காலத்தில் உலகமெங்கும் பேசப்பட்ட துறைமுகப் பட்டினம் ஒன்று இருந்தது. சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையில், தைவான் தீவுக்கு எதிர்ப்புறமாக, ஃபூஜியன் மாகாணத்தில் அது இருக்கிறது. அதன் இன்றைய பெயர் சுவான்சோ. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குவான்சோ என்று எழுதுவாரும் உளர். 10ஆம் நூற்றாண்டில் அந்நகரின் மதிலைச் சுற்றி முள்முருக்கு மரங்களை நாட்டினார்கள். சீன மொழியில் அம்மரத்துக்குச் 'சீதுங்' என்று பெயர். முருக்க மரப் பட்டினம் என்ற பொருளில் ஊரையும் அப்பெயராலேயே அழைத்தனர். அங்கு வந்த அராபிய மாலுமிகளின் வாயில் அது 'ஜைத்தூன்' ஆயிற்று. அராபிய மொழியில் ஜைத்தூன் என்றால் ஒலிவ மரம். ஆகவே ஒலிவ மரத்தைத் தேடி வந்த யாத்திரிகர், அங்கு ஓர் ஒலிவ மரமும் இல்லாதது கண்டு திகைத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு எதிரே நின்றது நமது முள்முருக்கு.

இன்றைய உரையில் அந்தச் சீனக் கரையைப் பார்க்கச் சென்றவர்களைப் பற்றியே பேசப் போகிறேன். அவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணாமல் விட்டார்கள், கண்டதை யார் எழுதி வைத்தார்கள் என்பதே நமது விசாரணை.

இதைப் பற்றி நான் சிந்திக்க நேர்ந்தது தற்செயலானது. என்னிடம் படித்த கல்லடிப் பிள்ளை ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். 2018ஆம் ஆண்டு அவருடைய கப்பல் சியாமென் துறைமுகத்தில் நின்றபோது, ஒருநாள் விடுப்பில் பேருந்து ஏறிச் சுவான்சோவுக்குப் போயிருக்கிறார். அங்குள்ள கையுவான் என்னும் பெரிய பௌத்த ஆலயத்தைச் சுற்றிப் பார்த்தபோது எனக்குத் தொலைபேசியில் சில படங்களை அனுப்பினார். கூடவே அவருடைய குரலும் வந்தது:

"சேர், நம்மட கண்ணன் இஞ்ச நிக்கார். உரலை இழுத்துக்கிட்டு ரெண்டு மரத்துக்கு நடுவால போறார். இஞ்ச உள்ள ஆக்களுக்கு இது ஆரெண்டு தெரியல்ல. எனக்குத் தெரியும், சேர்."

ஆறாம் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்த கதை அது. யசோதை கண்ணனை உரலில் கட்ட, அவன் உரலோடு தவழ்ந்து போய் இரட்டை மருத மரங்களைச் சாய்த்த கதை. அதைச் சீனத்துப் புத்த விகாரையின் தூணில் அந்தப் பிள்ளை அடையாளம் கண்டிருக்கிறார்.

கையுவான் ஆலயம் கி.பி. 686இல் நிறுவப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டப்பட்ட இரண்டு கோபுரங்கள் அதன் இருபுறமும் நிற்கின்றன. கிழக்குக் கோபுரம் 48 மீற்றர், மேற்குக் கோபுரம் 44 மீற்றர் உயரம். பார்க்க வருவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பது இவற்றைத்தான். பிரதான மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்துக்குப் போகிறவர்கள் குறைவு. அங்குதான் பதினாறு பட்டையுள்ள இரு கல்தூண்கள் நிற்கின்றன. பட்டைகளுக்கிடையே வட்டமான சிறு சிற்பங்கள் 24. உரலிழுக்கும் கண்ணன், இரணியனை மடியில் கிடத்திய நரசிங்கம், முதலையிடம் அகப்பட்ட யானையைக் காக்க வந்த திருமால் என்று நம் கோயில் மண்டபங்களில் காண்பவையெல்லாம் அங்கே இருக்கின்றன. மண்டபத்தின் முன்மேடையைச் சுற்றிலும் சிங்கமும் மனிதமுகச் சிங்கமும் செதுக்கிய 73 கற்பலகைகள் உள்ளன. இவை யாவும் வேறொரு கோயிலிலிருந்து வந்த கற்கள். மிங் வம்சத்தார் காலத்தில் மண்டபத்தைத் திருத்திக் கட்டியபோது, கிடைத்த நல்ல தூண்களை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய கோயில் யாருடையது? இதற்கு விடை சொல்லும் கல் ஒன்று 1956இல் சுவான்சோவில் கண்டெடுக்கப்பட்டது. அதில் இருப்பவை தமிழ் எழுத்துகள். அடியில் சீன எழுத்தில் ஒரு வரி. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திர நாள் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 1281 ஏப்ரல் மாதத்துக்கு அது சரியாகும். சம்பந்தப் பெருமாள் என்பவர், தவச்சக்கரவர்த்தி என்ற மறுபெயருடையவர், செகாசை கானின் உடல்நலத்துக்காக, அந்தக் கானின் ஆணைப்படி, உடையார் நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. செகாசை கான் என்பவர் அன்று சீனத்தை ஆண்ட மொங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். கோயிலின் பெயரைத் திருக்கதலீசுவரம் என்று வாசித்தவர்கள் உண்டு; கானின் பெயரால் அமைந்த ஈச்சரம், திருக்கானீச்சரம், என்று கொள்பவர்களும் உண்டு. எப்படியாயினும் அது சிவன் கோயில்.

நேயர்களே, இந்தச் சில வரிகளை ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அரசாணை என்பதற்குப் 'பர்மான்' என்ற பாரசீகச் சொல் தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அரசரின் பெயர் மொங்கோலியம். நாள் கணக்கு நம்முடையது. கோயில் எடுத்தவரின் பெயரோ சீர்காழிப் பிள்ளையின் பெயர். சித்திரை மாதத்துச் சித்திரை நாள் என்றால் அது பௌர்ணமியை ஒட்டியது. நம் ஊர்களில் தாயை இழந்தவர்கள் விரதமிருந்து, சித்திரபுத்திரனார் கதை படிக்கும் அந்நாளை ஒட்டித்தான், கடல் கடந்த ஊரில் அந்த வணிகர் தம் தெய்வத்தை நிலைநிறுத்தியிருக்கிறார்.

அவர் தனியாகப் போனவர் அல்லர். ஐந்நூற்றுவர் முதலான தமிழ் வணிகக் குழுவினர் இலங்கை, சுமாத்திரா, மலாயாக் கரை என்று கடல் வழியெங்கும் பரவியிருந்தனர். சுமாத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்த வழியின் கிழக்கு முனை சுவான்சோ. 1974இல் அந்நகரின் கரைச் சேற்றிலிருந்து 13ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டியெடுத்தபோது, அதில் மிளகும் வாசனைக் கட்டைகளும் சோகிகளும் கிடந்தன. இவை எந்தக் கடல்களின் பண்டங்கள் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, அந்தக் கோயில் சிறப்போடு நின்ற காலத்தில் அவ்வூரைப் பார்த்த பிறதேசத்தாரைக் கவனிப்போம்.

முதலாமவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. கல்வெட்டு பொறிக்கப்பட்டுப் பதினொரு ஆண்டு கழிந்து, 1292இல், அவர் ஜைத்தூனில் கப்பலேறினார். அவருடைய கண் வியாபாரியின் கண். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வருகின்றது என்று கணக்குச் சொல்கிறார். உலகின் இரு பெருந்துறைகளுள் அது ஒன்று என்கிறார். இந்தியாவிலிருந்து வருவோர் அவ்வூரில் உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறார்கள் என்ற செய்தியும் அவர் தருவதே. அதாவது இந்தியர்களை அவர் அங்கே கண்டிருக்கிறார். ஆனால் அவர்களுடைய கோயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே பயணத்தில் இலங்கைக்கும் பாண்டி நாட்டுக் கரைக்கும் வந்து, முத்துக் குளிப்பையும் குதிரை வாணிகத்தையும் விரிவாகச் சொன்ன அவருக்கு, சீனத்தில் நின்ற தமிழ்க் கோயில் கண்ணில் படவில்லை.

இரண்டாமவர் ஒதொரிக் என்னும் இத்தாலியப் பாதிரியார்; 1320களில் வந்தவர். அவர் கண் துறவியின் கண். ஜைத்தூன் தம் நாட்டுப் பொலோஞா நகரைப்போல் இரு மடங்கு பெரிது என்கிறார். தாம் பார்த்த ஒரு மடத்தில் மூவாயிரம் துறவியரும் பதினோராயிரம் விக்கிரகங்களும் இருந்ததாக எழுதுகிறார். அத்தனை விக்கிரகங்களை எண்ணியவருக்கும் எல்லாம் ஒரே கூட்டமாகவே தெரிந்தன. இது புத்தர், இது சிவன் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அவரிடம் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்வதும் முறையாகாது.

மூன்றாமவர் நமக்கு ஓரளவு வேண்டியவர். மொரோக்கோ நாட்டு இபின் பதூதா. 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்து, சிவனொளிபாத மலை ஏறியவர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சீனக் கரையை அடைந்தார். ஜைத்தூன் துறையில் நூறு பெருங்கப்பல்களையும் எண்ணிக்கையில் அடங்காத சிறு வள்ளங்களையும் கண்டதாகச் சொல்கிறார். அங்கு நெய்யும் பட்டு அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது என்கிறார். ஒவ்வொரு வீடும் தோட்டத்தின் நடுவில் அமைந்திருப்பதைக் கண்டு, அது தம் நாட்டின் சிஜில்மாசா நகரைப் போன்றிருக்கிறது என்று எழுதுகிறார்.

இன்னொரு செய்தியை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். சீனம் எவ்வளவு வளமாக இருந்தும் தமக்கு மனம் ஒட்டவில்லை, வெளியே போகவே விருப்பமில்லாமல் வீட்டுக்குள் இருந்துவிடுவேன், முஸ்லிம் ஒருவரைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது என்கிறார். இந்த வாக்குமூலத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அந்நிய ஊரில் மனிதன் தேடுவது அதிசயத்தை மட்டுமன்று. தன்னுடையது ஏதாவது தென்படுகிறதா என்றும் தேடுகிறான். கல்லடிப் பிள்ளையும் உரலிழுத்த கண்ணனைக் கண்டு குரல் தழுதழுத்தது அதனால்தானே?

ஆக மூவர் பார்த்தார்கள், மூவரும் சொன்னார்கள், பிறர் எழுதி வைத்தார்கள். போலோ சிறையிலிருந்து சொல்ல எழுதப்பட்டது ஒன்று. ஒதொரிக் சொன்னது மற்றொன்று. பதூதா நாடு திரும்பி அரசரின் ஆணைப்படி சொன்னது மூன்றாவது. எழுநூறு ஆண்டு கடந்து நாம் ஜைத்தூனைக் காண்பது இவர்களுடைய கண்களால்.

இந்தப் பாடத்தை என் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அப்ப நம்மட ஆக்கள் ஏன் சேர் ஒண்டும் எழுதல்ல?"

நியாயமான கேள்வி. வந்து போனவர்கள் எழுதினார்கள். அங்கேயே இருந்து வாணிகம் செய்து, வீடு கட்டி, கோயில் எடுத்து வாழ்ந்தவர்கள் எழுதவில்லை. அதற்கு முன்னரே, 1015இலும் 1033இலும் 1077இலும் சோழரின் தூதுக்குழுக்கள் சீனத்துக்குச் சென்றன. முதற் குழுவின் பயணம் 1150 நாள் எடுத்தது என்று கணக்கு வைத்திருப்பது சீன வரலாற்றேடு. 1225இல் சுவான்சோவின் துறைமுக அதிகாரியாக இருந்த சாவ் ருகுவா என்பவர், மாலுமிகளிடம் கேட்டறிந்து அயல்நாடுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் சோழ நாடும் இலங்கையும் இடம்பெறுகின்றன. 1281இன் தொடக்கத்தில் குப்ளாய் கானின் தூதர் யாங் திங்பி அதே சுவான்சோவிலிருந்து புறப்பட்டு, மூன்று மாதம் கடலோடி இலங்கைக் கரையை அடைந்து, காற்று எதிர்த்தமையால் பாண்டி நாட்டில் இறங்கினார் என்பதும் சீன ஏட்டில் உள்ளது. சம்பந்தப் பெருமாள் அங்கே கோயில் எடுத்த அதே காலம்! அங்கிருந்து வந்தவரின் கதை நமக்குத் தெரிகிறது. இங்கிருந்து போனவரைப் பற்றி ஒரு கல்லில் உள்ள சில வரிகளுக்கு மேல் தெரியவில்லை.

மாணவிக்கு அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. பின்பு யோசித்துப் பார்த்ததில், தமிழர்க்குப் பயணத்தைச் சொல்லும் மரபே இல்லை என்று கூறிவிட முடியாது எனத் தோன்றியது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள் அல்லவா? ஆற்றுப்படை என்பது என்ன? கண்டு வந்தவன், காணாதவனை வழியில் சந்தித்து, இவ்வழியே போ, இன்ன ஊர் வரும், இன்னார் இன்ன உணவு தருவார் என்று சொல்லி அனுப்புவது. பெரும்பாணாற்றுப்படையில் கடற்றுறையும் கலங்கரை விளக்கமும் வருகின்றன. வந்து போனவன் சொல்லும் ஊர்ச் செய்தியை இலக்கியமாக்கியவர்கள் நாம். பிற்காலத்தில் அந்தப் பழக்கம் தலங்களைப் பாடுவதாகச் சுருங்கியது. கோயிலைப் பாடினோம்; கோயிலுக்குப் போகும் வழியில் கண்ட மனிதரையும் கடைத்தெருவையும் பாடுவது குறைந்துவிட்டது. வணிகர்களோ கல்லில் எழுதும்போது தானத்தை மட்டுமே எழுதினார்கள். ஓலையில் எழுதியிருந்தாலும் அது செல்லரித்துப் போயிருக்கும்.

எழுதாததன் விலை என்ன என்பதைச் சுவான்சோவின் பிற்காலக் கதை காட்டும். 1357 முதல் 1366 வரை அந்நகரில் பெருங்கலகம் மூண்டது. அயல்தேசத்து வணிகர் பலர் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் சிதறினர். மொங்கோலியர் ஆட்சி வீழ்ந்து 1368இல் மிங் வம்சம் வந்தது. சிவன் கோயில் எப்பொழுது இடிந்தது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. அதன் கற்கள் மதிலுக்கும் பாலத்துக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் போயின.

அவற்றை மீட்டவர் ஒரு பாடசாலை ஆசிரியர். வூ வென்லியாங் என்பது அவர் பெயர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவான்சோவின் பழைய மதிலை இடித்தபோது, சிலுவை பொறித்த கல், அராபிய எழுத்துள்ள கல், யானையும் பசுவும் செதுக்கிய கல் என்று வகைவகையாக வெளிவந்தன. கல்லுடைப்போர் கையில் அவை அழிந்துபோகாமல், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கி வீட்டில் சேர்த்தார் அவர். எந்த மதத்துக் கல் என்று பார்த்து அவர் சேர்க்கவில்லை. தாம் சேர்த்தவற்றைப் பின்பு அரசுக்குக் கொடுத்தார். 1957இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1959இல் அமைந்த சுவான்சோ கடல்சார் நூதனசாலையில் இன்று அக்கற்கள் பார்வைக்கு இருக்கின்றன. இலிங்கத்துக்கு மாலை சூட்டும் யானையை அங்கு காணலாம். திருவானைக்காத் தலக்கதையை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. இலிங்கத்தின்மேல் பால் சொரியும் பசுவையும் காணலாம். கொக்கட்டிச்சோலையில் கல்நந்தி புல்லுண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் அந்தப் பசுவின் முன்னால் சற்று நின்றுதான் போவார்கள்.

நாம் எழுதாமல் விட்டதை ஒரு சீன ஆசிரியர் பொறுக்கி வைத்தார். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். சற்று வெட்கத்தோடும் சொல்ல வேண்டும்.

2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் சுவான்சோவின் 22 இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கையுவான் ஆலயம் அவற்றுள் ஒன்று. 1009இல் தொடங்கிய கருங்கற் பள்ளிவாசல் மற்றொன்று. மானி என்ற பாரசீகத் தீர்க்கதரிசியின் சிலை ஒன்று மலையடிவாரக் கோயிலில் இருக்கிறது; ஊரார் அதைப் புத்தர் என்றே வணங்கி வந்தமையால் அது அழியாமல் தப்பியது. 1059இல் முடிந்த லோயாங் கற்பாலம் இன்னொன்று. நீரோட்டம் வேகமான கழிமுகத்தில் தூண் நிலைக்க வேண்டுமென்று, தூண்களின் அடியில் சிப்பிகளை வளர விட்டிருக்கிறார்கள். அவை கல்லோடு கல்லை ஒட்டிப் பிடித்துக்கொண்டன. கல்லடிப் பாலத்தின் அடியில் தோணி ஓட்டுகிற நம்மவர்கள் இந்த உபாயத்தைக் கேட்டால் தலையசைப்பார்கள்.

சுவான்சோவை அடுத்த செதியான் என்ற கிராமத்தின் செய்தி எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது. 2013இல் இந்திய நாளிதழ் ஒன்று அதை விரிவாக வெளியிட்டது. அங்குள்ள சிறு கோயிலில் நான்கு கைகளோடு அமர்ந்த பெண்தெய்வத்தின் கற்சிற்பம் ஒன்று இருக்கிறது. தமிழ்க் கோயிலிலிருந்து வந்த கல் அது என்பது ஆய்வாளர் கருத்து. ஊர்ப் பெண்களுக்கு அது குவான்யின், கருணைத் தாய். ஊதுபத்தி ஏற்றி, பழம் வைத்து வழிபடுகிறார்கள்.

'நம் தெய்வத்தை வேறு பெயரிட்டு வைத்திருக்கிறார்களே' என்று சிலர் மனம் குறைப்படக் கூடும். மட்டக்களப்பார் அப்படிக் குறைப்பட வேண்டியதில்லை. நாம் கண்ணகை அம்மன் என்று குளிர்த்தி பாடும் தாயைச் சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். பெயர் மாறினாலும் விளக்கு அணையவில்லை. நூதனசாலையில் கண்ணாடிக்குள் இருக்கும் சிற்பங்களைவிடச் செதியான் கிராமத்துக் கல் பாக்கியம் செய்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இந்தக் கடல்வழியில் கல் ஒருதிசையில் மட்டும் போகவில்லை. 1911இல் காலி நகரில், ஒரு மதகின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409இல் சீனத்தில் பொறிக்கப்பட்டது. சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தெய்வமான தேனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கின்றன. இலங்கைக்குப் போகும்போது எந்த மொழியில் பேசினால் கேட்பார்கள் என்று சீனச் சக்கரவர்த்தி தெரிந்து வைத்திருந்தார். கொழும்பு நூதனசாலையில் அக்கல் இன்றும் இருக்கிறது. அதே நூற்றாண்டில் சீனத்துக்குச் சென்று திரும்ப முடியாமல் சுவான்சோவிலேயே தங்கிவிட்ட இலங்கை இளவரசர் ஒருவரின் வழிவந்த குடும்பத்தின் கல்லறைகள் 1990களில் அங்கு இனங்காணப்பட்டன. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் 2002இல் இலங்கைக்கு வந்து போனார்.

கடைசியாக நம் ஊருக்கு வருவோம். 1602ஆம் ஆண்டு ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, கண்டி அரசரைப் பார்க்கப் போனார். அவருடைய பயணக் குறிப்பு அச்சாகி ஐரோப்பாவில் வாசிக்கப்பட்டது. அன்று அவரைக் கரையில் நின்று பார்த்த நம் மூதாதையர் என்ன நினைத்தார்கள், வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அன்று தொட்டு வாவியைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர் பலர். பாடும் மீனைப் பற்றி அவர்கள் எழுதியதைத்தான் நாமும் மேற்கோள் காட்டுகிறோம். விபுலாநந்த அடிகளைப் போல அந்த இசையைத் தமிழில் ஆராய்ந்து பாடியவர்கள் மிகச் சிலரே.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சரிந்தது. அதைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர் வருகிறார்கள். சரிந்த கோபுரத்தைப் படம் எடுப்பார்கள், எழுதவும் செய்வார்கள். அந்த மணலில் எந்த வீடு எங்கே இருந்தது, எந்த வேலியில் முள்முருக்கு நின்றது, மார்கழி மாதத்து அந்தக் காலையில் யார் யார் கரைவலைக்குப் போயிருந்தார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை அறிந்தவர்கள் நாம். நாம் எழுதாவிட்டால், எழுநூறு ஆண்டு கழிந்து எவரோ ஒரு நல்ல ஆசிரியர் ஓர் உடைந்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே இருந்தவர்கள் யார் என்று யோசிக்க நேரும்.

அந்த மாணவிக்கு இப்படித்தான் விடை சொன்னேன்: "முன்னோர் ஏன் எழுதவில்லை என்று கேட்டாய், பிள்ளை. நீ எழுதத் தொடங்கு." வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், அவர் பார்த்து இன்று இல்லாமற் போன ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வரவேண்டும். கப்பலில் இருந்த பழைய மாணவருக்கும் அதையே சொல்லி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அவர் விடுமுறையில் வந்தபோது, கொப்பித் தாளில் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். எழுத்துப் பிழைகள் இருந்தன. பேருந்துக் கட்டணம், வழியில் குடித்த தேநீர், தூணைச் சுற்றிச் சுற்றி வந்தபோது ஒரு சீனக் கிழவி தம்மைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் எழுதியிருந்தார். அந்தத் தாய்க்குக் கண்ணன் கதையைக் கைச்சாடையால் சொல்ல முயன்றாராம். உரலைக் காட்டத் தெரியாமல் போயிற்றாம். நான் அறிந்தவரை, கையுவான் ஆலயத்தை நம் வாவிக் கரைத் தமிழர் ஒருவர் கண்டு எழுதிய குறிப்பு அது ஒன்றுதான். பிழை திருத்தி வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

கடைசி வரியை மட்டும் திருத்தவில்லை. "அந்தத் தூணில 24 படம் இரிக்கி. நான் ஏழு மட்டும்தான் கண்டு பிடிச்சன். மத்தது என்ன கதை எண்டு சேரிட்ட கேட்டுப் படிச்சிட்டு, அடுத்த முறை போய்ப் பாக்கணும்" என்று எழுதியிருந்தார்.